செயின்சா ஏர் ஃபில்டர்: வாங்குவதிலிருந்து கழிப்பது வரை

70 சிசி எஞ்சின் கொண்ட செயின்சா மரத்தை அறுக்கும்போது நிமிடத்துக்கு 9,500 சுற்று அளவில் ஓடும். டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை காற்றை இழுக்கும். பெருக்கிப் பார்த்தால் கணக்குப்படி நிமிடத்துக்கு 665 லிட்டர். உண்மையில் இழுப்பது இதைவிடக் குறைவுதான், ஆனாலும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்று கார்புரேட்டர் வழியே உள்ளே போகிறது. அந்தக் காற்று முழுவதும் அதே செயின் கிளப்பிவிடும் தூளுக்கு நடுவிலிருந்து வருவது. தூளுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இருப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு ஃபில்டர்தான்.

ஃபில்டரில் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று அடைப்பு, மற்றொன்று கசிவு. அடைத்தால் இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடும்: இழுவை குறையும், புகை தள்ளும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திணறும். கசிந்தால் எதுவும் தெரியாது. எஞ்சின் நன்றாகவே ஓடும், அடைப்பில்லாத காற்று கிடைப்பதால் ஒருவேளை துள்ளலாகக்கூட ஓடும். சில வாரம் கழித்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தம்) போயிருக்கும். புதிதாக வருபவர்கள் அடைப்பை நினைத்தே பயப்படுகிறார்கள். தேர்விலும் பொருத்துவதிலும் சுத்தம் செய்வதிலும் கசிவைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

1. வாங்கப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலிலேயே தயாரிப்பின் நடுவில் ஃபில்டரையும் அது உட்காரும் தளத்தையும் மாற்றியிருப்பார்கள். அதனால் இயந்திரத்தின் தகட்டிலோ உடலிலோ பொறித்திருக்கும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தகடு எண்ணெயும் தூளும் படிந்து கருத்திருந்தால் துடைத்துவிட்டுக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் அந்தப் படம் தேவைப்படும்.

அடுத்தது உதிரிபாகப் பட்டியல். இது பயனர் கையேட்டிலிருந்து வேறானது. இயந்திரத்தைப் பிரித்துப் போட்ட படமும், ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணும் அதில் இருக்கும். ஏர் ஃபில்டர் பக்கத்தை எடுத்து ஃபில்டரின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஃபில்டர் உட்காரும் தளம், சீல் வளையம், பிடித்து வைக்கும் திருகு அல்லது கிளிப், கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் குழாய் ஆகிய நான்கையும் பாருங்கள். ஃபில்டர் புதிதாக இருந்து சீல் வளையம் தட்டையாகிப் போயிருந்தால் வாங்கிய பணம் வீண். பழைய இயந்திரத்துக்கு முதல் முறை வாங்கும்போது சீலையும் சேர்த்தே கேளுங்கள்.

பழைய ஃபில்டரைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் சட்டத்திலேயே எண் அச்சாகியிருக்கும். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தூசி புகுந்து ஏற்பட்ட தேய்மானத்தைப் பராமரிப்புக் குறைவு என்று சொல்லி உத்தரவாதத்தில் ஏற்க மறுப்பது வழக்கம். சரியான ஃபில்டரைத் தவறாமல் மாற்றிவந்ததற்கு உங்களிடம் உள்ள சான்று அந்த ரசீதுகள்தான்.

2. எந்த வகை ஃபில்டர்

எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. எந்த மரம், எவ்வளவு ஈரம், தூள் எவ்வளவு நுண்மை என்பதைப் பொறுத்தே தேர்வு.

நைலான் வலை ஃபில்டர் எளிமையானது. ஹஸ்க்வர்ணாவின் தொழில்முறை இயந்திரங்களில் 80 மைக்ரான், 44 மைக்ரான் என்று இரு நெசவுகளைப் பார்க்கலாம். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்று வைத்துக்கொண்டால் துளைகளின் அளவு புரியும். பச்சை மரம், பிசின் வடியும் மரம், மழை, பனி ஆகியவற்றுக்கு வலைதான் வசதி. கழுவினால் சுத்தமாகும், சீக்கிரம் உலரும். நுண்தூளை இது முழுவதும் தடுக்காது. 44 மைக்ரான் கூடுதலாகத் தடுக்கும், அதற்கேற்ப விரைவில் அடைக்கும்.

ஃபெல்ட் வகையில் வலையின் மேல் மெல்லிய இழைகள் வெல்வெட் போலப் படிந்திருக்கும். காய்ந்த மரத்துக்கு இது நல்லது. இதன் பலவீனம் அந்த இழைகள்தான். முரட்டு பிரஷ்ஷும் வேகமான காற்றும் பட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் வெறும் வலைதான் மிஞ்சும்.

மடிப்பு ஃபில்டரில் காகிதம் அல்லது செயற்கைத் துணியை விசிறி போல மடித்து வைத்திருப்பார்கள். பரப்பு அதிகம் என்பதால் நுண்தூளைப் பிடித்தும் நெடுநேரம் அடைக்காமல் ஓடும். ஸ்டில் நிறுவனத்தின் எச்டி2 இந்த வகை. அது செயற்கைப் பொருளால் ஆனது, கழுவலாம். காகித மடிப்பைக் கழுவக் கூடாது. நனைந்த காகிதம் உலர்ந்தபின் பார்வைக்குப் பழையபடியே இருக்கும், உள்ளே நார் பிரிந்து துளை விட்டிருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு என்பதால், கையில் உள்ளது எது என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தண்ணீரைத் தொடுங்கள்.

எண்ணெய் தோய்த்த ஃபோம் ஃபில்டரைத் தனி கிட்டாகப் பொருத்துவார்கள். ஒழுங்காக எண்ணெய் இட்டால் தூசியை நன்றாகப் பிடிக்கும். குறைந்தால் தூசி நேராக ஊடுருவும், கூடினால் எண்ணெய் கார்புரேட்டருக்குள் இறங்கும். அதற்கென்றே உள்ள ஒட்டும் ஃபில்டர் எண்ணெயைத்தான் இட வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயில் ஃபோமில் நிற்காமல் ஒரு பக்கம் வடிந்து தேங்கிவிடும்.

முதல் ஆண்டு வேலை செய்பவருக்கு எங்கள் பரிந்துரை இது: உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஃபில்டரையே வாங்குங்கள், ஒன்றுக்குப் பதில் மூன்றாக வாங்குங்கள். பட்டுப்போன மரம், தீயில் கருகிய மரம், கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுப்பது ஆகியவை உங்கள் அன்றாட வேலை என்றால் ஃபெல்ட் அல்லது மடிப்பு வகைக்குப் போங்கள். கருகிய மரத்தின் கரித்தூள் வலையை எளிதில் தாண்டும். ஃபோம் கிட்டை, எண்ணெய் இட்டுப் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய தொழில்முறை இயந்திரங்கள் பலவற்றில் ஃபில்டருக்கு முன்பே ஒரு வடிகட்டல் நடக்கிறது. ஃப்ளைவீல் விசிறியின் சுழற்சியில் கனமான துகள்கள் வெளிப்பக்கம் வீசப்படுகின்றன, மிஞ்சிய காற்றுதான் ஒரு குழாய் வழியே ஃபில்டர் அறைக்கு வருகிறது. ஸ்டார்ட்டர் மூடியின் காற்றுத் துவாரங்களும் அந்தக் குழாயின் வாயும் அடைந்திருந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. எஞ்சினின் குளிர்ச்சியும் குறையும். ஃபில்டர் வழக்கத்தைவிட விரைவாக அடைகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

3. கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

மாற்று நிறுவனங்களின் ஃபில்டர்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் தவறு வந்தால் பெரும்பாலும் விளிம்பில்தான் வரும். வலை நன்றாக இருக்கும், அச்சில் அரை மில்லிமீட்டர் பிசகியிருக்கும்.

கைபேசியின் டார்ச்சை ஃபில்டரின் வாய்க்குள் பிடித்து, நிழலான இடத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஊசிமுனை அளவுக்கு எங்காவது பளிச்சென்று புள்ளி தெரிந்தால் அது துளை. வலையும் பிளாஸ்டிக் சட்டமும் சேரும் ஓரத்தை மறக்காமல் பாருங்கள். இரண்டு பாதிகளாக வந்து கிளிப்பில் சேரும் ஃபில்டர் என்றால், சேர்த்துப் பிடித்து அந்தப் பொருத்துவாய் முழுவதும் வெளிச்சம் கசிகிறதா என்று கவனியுங்கள். பிறகு பழைய ஃபில்டரை அருகில் வைத்து விளிம்பின் உயரத்தையும் தடிப்பையும் ஒப்பிடுங்கள். ரப்பர் விளிம்பை விரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்ப வேண்டும். விறைப்பாக இருந்தால் வேண்டாம்.

4. பொருத்துதல்

எங்கள் அனுபவத்தில் அதிகம் கெடுவது இந்தப் படியில்தான். விலை உயர்ந்த ஃபில்டரை வாங்கி, விளிம்புக்கடியில் ஒரு மரச்சிராயை வைத்து மூடிவிடுவார்கள். ஃபில்டர் துணியில் உள்ள எந்தத் துளையையும்விட அந்தச் சிராய் விடும் இடைவெளி பல மடங்கு பெரியது.

ஃபில்டர் உட்காரும் தளத்தை ஈரமில்லாத வெள்ளைத் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு மரக்குச்சியின் முனையில் துணியைச் சுற்றி எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், தளத்தில் கீறல் விழுந்தால் அதுவே கசியும் வழியாகும்.

முதல் முறை புது ஃபில்டரைப் போடும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ரப்பர் விளிம்பில் மிக மெல்லியதாக, பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். ஃபில்டரை உட்கார வைத்துத் திருகை இறுக்கி, உடனே கழற்றித் தளத்தைப் பாருங்கள். கிரீஸ் அச்சு அறுபடாத வளையமாக விழுந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டிருந்தால் அங்கே விளிம்பு படியவில்லை. தளம் கோணியிருக்கலாம், சீல் போயிருக்கலாம், ஃபில்டரே சரியில்லாமல் இருக்கலாம். எது என்று அறிய பழைய ஃபில்டரையும் அதே முறையில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் அச்சு விடுகிறது என்றால் குறை தளத்தில் இருக்கிறது. சோதனை முடிந்ததும் தளத்தில் விழுந்த கிரீஸைத் துடைத்துவிடுங்கள், கிரீஸ் ஃபில்டரின் துணிப்பகுதியில் படவே கூடாது.

திருகைக் கைவிரலால் இறுக்கும் அளவே போதும். ஸ்பேனரால் முறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் நடுவில் அமுங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், இறுக்க இறுக்கக் கசிவு கூடும். மேல்மூடியைப் போட்டபின் அது எந்தப் பக்கமும் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் மூடிதான் ஃபில்டரை அழுத்திப் பிடிக்கிறது.

5. எப்போது திறந்து பார்ப்பது

ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் திறந்து பார் என்று சிலர் சொல்லித்தருவார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சுற்றியுள்ள தூள் கார்புரேட்டர் வாயில் விழ வாய்ப்பு உண்டு. இந்த அளவு இயந்திரத்தில் ஒரு டேங்க் தொடர் வேலையில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வரும், அதற்கு ஒரு முறை காட்டின் நடுவில் திறப்பது தேவைக்கு மேல்.

பச்சை மரத்தில் வேலை என்றால் மதியம் ஒரு பார்வை, மாலையில் சுத்தம். காய்ந்த மரத்தில் இரண்டு டேங்குக்கு ஒரு முறை மாற்று ஃபில்டரைப் போடுங்கள். கருகிய மரத்திலும் நீளவாக்கு அறுப்பிலும் ஒவ்வொரு டேங்குக்கும் மாற்ற வேண்டிவரலாம். வாரம் ஒரு முறை கழுவக்கூடியவற்றை எல்லாம் கழுவி, டார்ச் சோதனை செய்யுங்கள். மாதம் ஒரு முறை கிரீஸ் அச்சு சோதனை.

செயின் மழுங்கியிருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் பொய்த்துவிடும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு மாதிரி அரைக்கும், அந்த மாவுதான் ஃபில்டரை அடைப்பது. ஃபில்டர் திடீரென்று விரைவாக அடைந்தால் கீழே விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலிடுக்கில் மாவாக ஒட்டினால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம் அது.

ஃபில்டர்களின் பிளாஸ்டிக் சட்டத்தில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டு, முதல் நாள் தேதியையும் எழுதுங்கள். முறைவைத்துப் பயன்படுத்தினால் எது எத்தனை தடவை கழுவப்பட்டது என்பது தெரியும்.

6. சுத்தம் செய்யும் வரிசை

எஞ்சினை நிறுத்தி, செயின் பிரேக்கைப் போட்டு, சைலன்சர் ஆறும்வரை பொறுங்கள். பிறகு:

1. மூடியைத் திறக்கும் முன் அதன் சுற்றுப்புறத்தை பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். திறந்தபின் விழும் தூள் எல்லாம் இங்கே உட்கார்ந்திருப்பதுதான்.

2. லீவரை சோக் நிலைக்குத் தள்ளுங்கள். சோக் தட்டு மூடி, கார்புரேட்டரின் தொண்டை அடைபடும். சோக் தட்டு இல்லாத மாடல் என்றால் ஃபில்டரை எடுத்ததும் சுத்தமான துணியைச் சுருட்டி வாயில் வையுங்கள். மறக்காமல் எடுக்க வேண்டும் என்பதால் பளிச்சென்ற நிறத் துணியாக இருக்கட்டும்.

3. மூடியை எடுத்து, ஃபில்டரைச் சுற்றிக் குவிந்திருக்கும் தூளை ஃபில்டர் இருக்கும்போதே பிரஷ்ஷால் வெளியே தள்ளுங்கள். அதன்பிறகுதான் ஃபில்டரைக் கழற்ற வேண்டும்.

4. வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் மேலோ கல்லின் மேலோ தட்டினால் விளிம்பில் வெட்டு விழும்.

5. காற்றடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே மட்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசியை இழைகளுக்குள் குத்தி இறக்கியதாகும். அழுத்தம் 2 பாருக்கு மேல் வேண்டாம், குழாய்முனை ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

6. கழுவக்கூடிய வகை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக் கொடுங்கள். மடிப்பு ஃபில்டரில் மடிப்பின் போக்கிலேயே தடவ வேண்டும். நல்ல தண்ணீரில் உள்ளிருந்து வெளியே அலசுங்கள்.

7. உதறிவிட்டு நிழலில், தூசி பறக்காத இடத்தில் உலர்த்துங்கள். சூடான சைலன்சர் மேல் வைப்பதும் ஹாட்-ஏர் அடிப்பதும் பிளாஸ்டிக்கைக் கோணலாக்கும். அரைகுறை ஈரத்தோடு போட்டால் முதல் அறுப்பிலேயே தூள் சேறாகப் படிந்துவிடும்.

முழுதாக உலர இரவு முழுக்க ஆகலாம். மூன்று ஃபில்டர் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்: ஒன்று இயந்திரத்தில், ஒன்று பையில், ஒன்று கொடியில்.

பெட்ரோலில் கழுவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபெல்ட் இழைகளைப் பிடித்திருக்கும் பசையை அது இளக்கும், ரப்பர் விளிம்பை உப்பவைக்கும், ஆவி தீப்பற்றும். பிசின் ஒட்டிக்கொண்டு சோப்புக்குப் போகவில்லை என்றால் எளிதில் தீப்பற்றாத பிசின் நீக்கியைக் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

ஃபில்டரின் உட்புறம் லேசாக எண்ணெய்ப் பசையோடு இருப்பது இயல்பு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எரிபொருள் கலவையின் நுண்துளிகளைச் சில நேரம் பின்னோக்கித் துப்பும். ஆனால் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அது ஃபில்டரின் குறை இல்லை. கலவை அடர்த்தியாக, அதாவது காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோலோடு இருக்கலாம், நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஃபில்டரை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் மறுநாளும் அதே கதைதான்.

7. ஃபில்டருக்கு உள்பக்கம் பார்ப்பது

வாரச் சுத்தத்தின்போது, ஃபில்டரைக் கழற்றியதும் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டர் தளத்தின் உட்புறத்தையும் கார்புரேட்டர் வாயின் ஓரத்தையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தால் நல்லது. துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்க்கும்போது நெறுநெறுவென்று தட்டுப்பட்டால் தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அதே நிமிடம் வேலையை நிறுத்திவிடுங்கள்.

நெறுநெறுப்புக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. மரத்தூள் மென்மையானது, கொஞ்சம் போனால் எரிந்துவிடும். பட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணிலுள்ள மணல்துகள் எரியாது. அது டூ-ஸ்ட்ரோக் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். சிலிண்டரின் உட்பூச்சு கடினமானது, ஓரளவு தாங்கும். அலுமினிய பிஸ்டனும் ரிங்கும் தேயும், பேரிங்குகளும் தப்பாது.

தேய்மானத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பார்த்தால், உற்பத்தியின்போது கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் நல்ல பிஸ்டனில் தெரியும். தூசி தின்ற பிஸ்டனில் அந்தக் கோடுகள் அழிந்து, மங்கலான சாம்பல் நிறப் பரப்பில் நுண்ணிய நெடுக்குக் கீறல்கள் இருக்கும். காற்று நுழையும் பக்கத்தில் இப்படித் தேய்ந்திருந்தால் காரணம் தூசி. சைலன்சர் பக்கத்தில் ஆழமான கீறலும் அலுமினியம் இழுபட்ட தடமும் இருந்தால் பெரும்பாலும் அது எண்ணெய்க் குறைவாலோ கலவை மெலிந்ததாலோ (காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதாமல் போவதாலோ) வந்த சூட்டுச் சேதம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் புது பிஸ்டன் போட்ட பின்னும் மூல காரணம் அப்படியே இருக்கும்.

தூசி புகும் வழி ஃபில்டர் மட்டும் என்று முடிவு கட்டாதீர்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வெடித்திருந்தால் ஃபில்டரைத் தொடாமலே காற்று உள்ளே போகும், கலவையும் மெலியும்.

8. கார்புரேட்டரைத் தொடும் முன்

புதியவர்கள் எஞ்சினைப் பறிகொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஃபில்டர் அடைத்திருக்கிறது, காற்று குறைவு, கலவை அடர்த்தியாகி இழுவை போகிறது. காரணத்தைப் பார்க்காமல், கார்புரேட்டரில் உச்ச வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் எச் (H) திருகை உள்ளே திருப்பிப் பெட்ரோலைக் குறைக்கிறார்கள். எஞ்சின் மீண்டும் பாடுகிறது. மாலையில் ஃபில்டரைச் சுத்தம் செய்கிறார்கள். மறுநாள் காற்று முழு அளவில் வருகிறது, பெட்ரோல் மட்டும் குறைத்தபடியே இருக்கிறது. கலவை மெலிந்து, கூடவே வரும் எண்ணெயும் குறைந்து, சுற்று எகிறி, சில அறுப்புகளிலேயே பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது சிலிண்டரில் இறுகிவிடும்.

எனவே வரிசை மாறக் கூடாது. முதலில் சுத்தமான ஃபில்டர், பிறகு கூரான செயின், அதன்பிறகே ட்யூனிங். எச் திருகைக் காதால் கேட்டு மட்டும் வைக்காதீர்கள், சுற்று எண்ணிக்கையைக் காட்டும் டாக்கோமீட்டர் வைத்துக் கையேட்டில் உள்ள உச்சச் சுற்றைத் தாண்டாமல் வையுங்கள். ஃபில்டர் வகையை மாற்றினால், உதாரணமாக வலையிலிருந்து மடிப்புக்கோ ஃபோம் கிட்டுக்கோ போனால், ட்யூனிங்கைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

காம்பென்சேட்டர் உள்ள கார்புரேட்டர்களிலும், ஆட்டோட்யூன், எம்-ட்ரானிக் போன்ற மின்னணு அமைப்புகளிலும் ஃபில்டர் அடையும்போது கலவை தானாகச் சரிசெய்யப்படும். வசதிதான். ஆனால் புகை, திணறல் போன்ற முன்னறிகுறிகள் இவற்றில் தாமதமாகவே தெரியும், இழுவை மட்டும் மெதுவாகக் குறைந்துகொண்டு வரும். காதை நம்பாமல் நேரத்தை வைத்துத் திறந்து பாருங்கள்.

9. ஃபில்டர் சரி, ஆனாலும் இழுவை இல்லை

டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர், சைலன்சரின் தீப்பொறி வலையில் படிந்த கரி, ஸ்பார்க் பிளக், செயின் ஆகிய நான்கையும் இதே வரிசையில் பாருங்கள். சந்தேகம் ஏர் ஃபில்டர் மேல்தானா என்று அறிய எளிய வழி, புது ஃபில்டரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. ஃபில்டரே இல்லாமல் அறுத்துப் பார்ப்பது ஒரு நிமிடமானாலும் கூடாது.

குளிர்ப் பிரதேசத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் வெதுவெதுப்பான காற்றை ஃபில்டர் அறைக்குத் திருப்பும் ஷட்டர் பல மாடல்களில் உண்டு. பனித்தூள் ஃபில்டரில் உறைவதையும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிப்பதையும் அது தடுக்கும். வெயில் வந்ததும் ஷட்டரைக் கோடை நிலைக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறும். எந்த வெப்பநிலையில் திருப்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, உங்கள் கையேட்டில் இருக்கும்.

10. எப்போது கழிப்பது, என்ன செலவு

இத்தனை மணி நேரம் என்று ஃபில்டருக்கு ஆயுள் சொல்ல முடியாது. டார்ச் சோதனையில் ஒரு புள்ளி தெரிந்தாலும், ஃபெல்ட் ஓரிடத்தில் வழுக்கையானாலும், ரப்பர் விளிம்பு விறைத்தாலும், கிளிப் பிடிப்பு தளர்ந்தாலும் கழித்துவிடுங்கள். கழுவி உலர்த்திய பின்னும் இழுவை வரவில்லை, புதியதைப் போட்டால் வருகிறது என்றாலும் அதேதான். கழித்ததை உடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் யாரோ அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.

செலவைக் கணக்கிடும்போது ஃபில்டரை அரம், செயின் வரிசையில் வையுங்கள், தேய்ந்து தீரும் பொருள் அது. ஒரு சிலிண்டர்–பிஸ்டன் செட்டின் விலையில் பல ஃபில்டர் வாங்கலாம். அதோடு கேஸ்கட், பேரிங், மெக்கானிக் கூலி, இயந்திரம் பட்டறையில் கிடக்கும் நாட்களின் வருமான இழப்பு ஆகியவையும் சேரும்.

11. காட்டுக்கு எடுத்துப் போகும் பெட்டி

மூடி இறுகும் டப்பாவில் இவை இருக்கட்டும்: தனித்தனிப் பையில் உலர்ந்த மாற்று ஃபில்டர்கள் இரண்டு, மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று, வெள்ளைத் துணி நாலைந்து துண்டு, ஃபில்டர் மூடியைத் திறக்கும் கருவி, ஒரு உபரி சீல் வளையம், சிறிய டார்ச். செயின் ஆயிலையும் அரத்தையும் இதே டப்பாவில் போடாதீர்கள். அரத்தூளும் எண்ணெயும் ஃபில்டரில் ஒட்டிக்கொண்டால் சுத்தமான ஃபில்டரை எடுத்துவந்ததில் அர்த்தமில்லை.

வேலை நடுவில் ஃபில்டர் கிழிந்து, மாற்றும் கையில் இல்லை என்றால் டேப் ஒட்டுவது, காலுறையை மாட்டுவது, துணியைச் சுற்றுவது எதுவும் வேண்டாம். டேப் எண்ணெய்ப் பசையில் உரிந்து உள்ளே இழுபடும், துணி விளிம்பைத் தூக்கிவிடும். சோக்கை மூடி, மூடியைப் போட்டு, இயந்திரத்தை அப்படியே இறக்கி வையுங்கள். அன்றைய மீதி வேலையை வேறு இயந்திரத்தில் முடியுங்கள், அல்லது மறுநாளுக்கு ஒத்திவையுங்கள். புது ஃபில்டரைப் போடும் முன் தளத்தையும் கார்புரேட்டர் வாயையும் வெள்ளைத் துணியால் துடைத்து, துணி நெறுநெறுப்பில்லாமல் வரும்வரை ஸ்டார்ட்டரை இழுக்காதீர்கள்.